ஜான்சிங் சாரை செந்நாயோட நிறுத்திடாதீங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல காட்டு உயிரின விஞ்ஞானி ஏ.ஜே.டி. ஜான்சிங் சாரைப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, ரொம்ப சந்தோசம், நாங்குநேரியில பொறந்தவரு பேரு நம்ம பக்கத்து ஆளுங்க படிக்கிற பத்திரிகையில வாரதே அபூர்வம். ஆனா செந்நாய், டேராடூன், விருதுன்னே கட்டுரை முடிஞ்சு போச்சு. தாமிரவருணிக்கரை காட்டப் பத்தி அவரு எழுதினத ஒரு வரி கூட சொல்லல, அதுக்குத்தான் இத எழுதுதேன்.

செந்நாய் ஆராய்ச்சி லேசுப்பட்டதுன்னு சொல்ல வரல. சிவகாசி காலேஜ்ல வாத்தியாரா இருந்த மனுசன், 1976லேருந்து 78 வரைக்கும் கர்நாடகாவுல பந்திப்பூர் காட்டுல செந்நாய்க் கூட்டத்துக்குப் பின்னாடி அலைஞ்சிருக்காரு. 1972ல வன உயிரினச் சட்டம் வாரதுக்கு முன்னாடி செந்நாயக் கொன்னா சர்க்காரே காசு குடுத்துட்டு இருந்துச்சு, மான் இனத்தையே தின்னு தீத்துரும்னு அப்படி ஒரு கெட்ட பேரு அதுக்கு. இவரு அது தின்னு போட்ட மிச்சத்த தேடிப் பாத்து, எச்சத்தப் பொறுக்கி அதுல கெடக்க முடிய வச்சு எந்த மிருகத்தத் தின்னுருக்குன்னு பிரிச்சு கணக்கெடுத்தாரு. நாத்தம் புடிச்ச வேலதான், ஆனா வாய்க்கு வந்தத பேசிட்டு இருந்த விசயத்துக்கு அங்கதான் கணக்குன்னு ஒண்ணு வந்துச்சு. காட்டுல திரியுத பெரிய மிருகத்த நம்ம நாட்டு விஞ்ஞானி ஒருத்தர் இப்படி கூடவே இருந்து ஆராய்ச்சி பண்ணதுல இதுதான் முதல்னு சொல்லுதாங்க.

1985லேருந்து 2005 வரைக்கும் டேராடூன்ல இந்திய வனஉயிரின நிறுவனத்துல இருந்தாரு. யானை, வரையாடு, சிங்கம்னு அவரு கை படாதது கம்மி. கிர் சிங்கத்துல பேரு வாங்குன ரவி செல்லம் அவருகிட்ட படிச்சவருதான். சிங்கம் எல்லாம் ஒரே காட்டுல இருந்தா ஒரு நோய் வந்தா மொத்தமா போயிரும், வேற எடமும் வேணும்னு தேடி, 1995ல அவங்க குடுத்த ரிப்போர்ட்டுதான் மத்தியப் பிரதேசத்துல இருக்க குனோ காட்டக் கைகாட்டுச்சு. 2013ல சுப்ரீம் கோர்ட்டும் சிங்கத்த அங்க கொண்டு போகச் சொல்லிருச்சு, ஆனா 2022ல அங்க வந்து எறங்குனது நமீபியா சிவிங்கிப்புலி. அது கெடக்கட்டும், அது வேற கதை.

நம்ம கதைக்கு வாரேன். 1989ல அவரும் ஜோசுவாங்கிற இன்னொரு ஆராய்ச்சியாளரும் சேந்து பயாலஜிக்கல் கன்சர்வேஷன்ங்கிற பத்திரிகையில எழுதுன கட்டுரைக்குத் தலைப்பே முண்டந்துறையில தாமிரவருணியோட ஆத்தோரக் காடு ஆபத்துல இருக்குங்கறதுதான். களக்காடும் முண்டந்துறையும் ஒண்ணு சேந்து புலிகள் காப்பகம் ஆனது 1988ல, அதுக்கு மறு வருசமே இது வந்துருச்சுன்னா பாத்துக்கிடுங்க. புலி புலின்னு எல்லாரும் பேசிட்டு இருக்கும்போது ரெண்டு கரையிலயும் ஒட்டுனாப்புல நிக்கிற மரத்தப் பாத்திருக்காரு. கோடையில முண்டந்துறை மேடு இலை உதுத்து காஞ்சு கெடக்கும், அப்போ பச்சையா நிக்கிறது ஆத்தோரத்து நீர்மருதும் நாவலும்தான். கருமந்திக் குரங்கும் மலையணிலும் தரையில எறங்காம கிளைக்கு கிளை தாவிப் போறது, மரம் நெருக்கமா நின்னாத்தான். நடுவுல நாலு மரம் போச்சுன்னா பாதை அறுந்துரும். 1994ல இதே ரெண்டு பேரு முண்டந்துறையில மூணு விதமான காட்டுலயும் இருக்க பறவைகள கணக்கெடுத்து எழுதிருக்காங்க, 2001ல கரண்ட் சயின்ஸ் பத்திரிகையில இந்தக் காப்பகம் முழுசையும் பத்தி தனியா எழுதிருக்காரு. ரிட்டயர் ஆகி ஊரு பக்கம் நெனைச்சு எழுதுனதில்ல இதெல்லாம், டேராடூன்ல வேலையில இருக்கும்போதே எழுதுனது.

இப்போ அந்த முண்டந்துறைக் காட்டுக்குள்ள ஆத்தோரமா இருக்க சொரிமுத்தையன் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்கு நம்ம ஜனங்க எப்படி போறோம்? வேன் வேனா போயி, ஆத்தோரமா குடில் போட்டு தங்கி, பொங்கி, குளிச்சு, பிளாஸ்டிக்க அங்கயே விட்டுட்டு வாரோம். போகக்கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், எங்க குலதெய்வமே அங்கதான் இருக்கு. எந்த மரத்தடியில ஒலை வைக்கோம், அந்த மரம் என்ன மரம்னு தெரிஞ்சுகிட்டு போகலாம்லா. அந்தக் கட்டுரை வந்து இத்தன வருசமாச்சு, இங்கிலீஷ்லயே கெடக்கு, ஆத்தங்கரையில இருக்க நமக்கு அதுல என்ன எழுதிருக்குன்னே தெரியல. அவரு 2024 ஜூன்ல பெங்களூர்ல காலமானப்போ கூட எங்க தெருவுல பாதிப் பேருக்கு யாருன்னு தெரியல, பக்கத்து ஊருக்காரரு தம்பின்னு நான்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு.

அதனால ஒண்ணு கேக்கேன். அந்த 1989 கட்டுரையோட சாராம்சத்த நம்ம பேச்சுல, மரத்துக்கு நம்ம ஊர்ல சொல்லுத பேரப் போட்டு, படத்தோட வெளியிடுங்க. அன்னைக்கு ஆபத்துன்னு சொன்ன எடம் இன்னைக்கு எப்படி இருக்குன்னு உங்க நிருபரயும் ஒரு எட்டு அனுப்பி பாக்கச் சொல்லுங்க. ஆடி அமாவாசைக்கு ரெண்டு வாரம் முன்னாடி வந்தா நல்லது, வேன் ஏறும்போது நாலு பேராவது கையில வச்சிருப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விக்கிரமசிங்கபுரம்