உடையலங்காரப் பிரிவின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். மேடைக்கு வேண்டிய மினுமினுப்பான உடைகளைப் புதிதாகத் தைப்பதைக் குறைத்து, பிறர் உடுத்திக் கழித்தவற்றிலிருந்து தேடியெடுத்துச் சீர்செய்வது என்று சென்ற பொதுக்குழு எடுத்த முடிவின்படி நமது பிரிவு ஆற்றிய பணிகளை இங்கே பதிவு செய்கிறேன்.

உடைகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் நாம் அதிகம் கற்றுக்கொண்டோம். பளபளப்பைப் பார்த்து வாங்குவதை விடுத்து, உடையை உட்புறம் திருப்பி, தோள், அக்குள், ஜிப்பின் இரு ஓரங்கள் ஆகியவற்றை முதலில் சோதிப்பது இப்போது நம் வழக்கமாகிவிட்டது. உதிர்ந்த சமிக்கியை மறுபடி தைத்துவிடலாம். ஆனால் அதைச் சுமக்கும் துணியே வியர்வையில் நைந்திருந்தால் ஊசி பட்ட இடமெல்லாம் கிழியும் என்பதால், அத்தகைய உடையை அதன் மணிகளுக்காகவும் கற்களுக்காகவும் மட்டுமே வாங்குவது நல்லது. அளவு சற்றுப் பெரிதாகவும் தையலோரத்தில் துணி தாராளமாகவும் உள்ள உடைகளுக்கு நாம் முன்னுரிமை தந்தோம். பிடித்துச் சிறிதாக்குவது எளிது. சமிக்கித் துணிக்கு ஒத்த துணி கண்டுபிடித்து ஒட்டுப்போட்டுப் பெரிதாக்குவதோ மிகக் கடினம்.

கடைகளில் கிடைக்கும் சமிக்கி உடைகளில் பெரும்பாலானவை சங்கிலித் தையலால் ஆனவை. அதில் ஓர் இழை அறுந்து அதன் நுனியை யாரேனும் இழுத்துவிட்டால் வரிசை முழுவதும் கழன்று கொட்டிவிடும். ஆகவே எந்த உடை வந்தாலும் துவைப்பதற்கும் அளவு பார்ப்பதற்கும் முன்பாகவே அறுந்த நுனிகளைப் பின்பக்கம் இழுத்து முடிச்சிடும் முறையைக் கடைப்பிடித்தோம். புதிதாகத் தைக்கும்போது சில சமிக்கிகளுக்கு ஒரு முறை முடிச்சிட்டுச் சென்றால், பின்னர் ஓரிடத்தில் அறுந்தாலும் இழப்பு அந்த இடத்தோடு நிற்கும். கண்ணாடி மணிகளின் துளை விளிம்பு கூர்மையாக இருப்பதால் பருத்தி நூலை விடுத்து உறுதியான பாலியஸ்டர் நூலையே பயன்படுத்தினோம். காணாமற்போன சமிக்கிகளுக்கு ஈடாக, மடிப்புக்குள் மறைந்திருப்பவற்றைப் பிரித்தெடுத்து வைத்தால் நிறம் முற்றிலும் ஒத்துப்போகும். தையல் விழும் கோட்டிலிருந்தும் அவற்றை எப்படியும் நீக்கித்தான் ஆக வேண்டும், இல்லையெனில் இயந்திரத்தின் ஊசி உடையும்.

துவைப்பதில் உறுப்பினர்கள் மிகுந்த கவனம் காட்ட வேண்டுகிறேன். 1930களைச் சேர்ந்த உடைகளில் ஜெலட்டினால் ஆன சமிக்கிகள் இருக்கக்கூடும்; அவை நீரில் கரையும், வெப்பத்தில் உருகும். பிற்கால பிளாஸ்டிக் சமிக்கிகள் நீரைத் தாங்கினாலும், சூடான இஸ்திரிப் பெட்டியிலும் நீராவியிலும் சுருண்டுவிடும். உலர்சலவைக் கரைப்பான்கள் பட்டால் சில சமிக்கிகளின் நிறப்பூச்சு உரிந்து போகிறது. அசிட்டேட் எனும் செயற்கை இழைத் துணியில் அசிட்டோன் பட்டால் துணியே கரையும் என்பதால், அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியைக் கொண்டு கறையையோ பழைய பசையையோ எடுக்க முயலக் கூடாது. எதையும் முதலில் உள்மடிப்பில் ஒரு துளி வைத்துச் சோதிப்பதும், தாங்கும் உடைகளைக் குளிர்ந்த நீரில் மென்மையாக அலசித் துண்டில் பரப்பி உலர்த்துவதும் நமது பொதுமுறை. துவைக்க இயலாதவற்றின் வியர்வை நாற்றத்திற்கு, நாடக உடையலங்காரத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஓட்காத் தெளிப்பே உதவியது. இதுவும் சோதனைக்குப் பிறகே. இனிமேல் அக்குள் பகுதியில் கழற்றித் துவைக்கத்தக்க உறிஞ்சு துணி வைத்துத் தைப்பதை எல்லா உடைகளுக்கும் கட்டாயமாக்கலாம் என்பது என் கருத்து.

பின்புறம் வெள்ளிப்பூச்சுக் கொண்ட கற்கள் ஈரத்தில் மங்கிவிடுவதால், அத்தகைய கற்கள் பதித்த பகுதிகளை நனைக்காமல் ஈரம் பிழிந்த துணியால் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

ஒளியமைப்புக் குழுவின் யோசனைப்படி, உடைகளை வாங்குமுன் கைபேசி விளக்கைக் கண்ணருகே பிடித்துத் தொலைவிலிருந்து பார்க்கத் தொடங்கினோம். கிட்டத்தில் மங்கலாகத் தெரிந்த கிண்ண வடிவச் சமிக்கிகள் ஒளியைப் பல திசைகளில் சிதறடித்து, அரங்கின் கடைசி வரிசை வரை மின்னின. வெள்ளி நிறம் எந்த வண்ண ஒளியையும் ஏற்றுக்கொள்ளும். சிவப்புச் சமிக்கியோ பச்சை ஒளியில் ஏறக்குறையக் கறுத்துவிடும். ஆகையால் பொதுக் கையிருப்பில் வெள்ளி நிற உடைகளைக் கூட்டியுள்ளோம். உடையில் ஒலிவாங்கி பொருத்தப்படும் பாத்திரங்களுக்கு, அது அமையும் மார்புப் பகுதியில் மட்டும் சமிக்கிகளை நீக்கிவிட்டால் உரசல் ஒலி குறையும்.

மணிவேலை மிகுந்த உடைகள் தம் எடையாலேயே தோளில் கிழியக்கூடியவை. அவற்றைத் தொங்கவிடாமல், உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, மடிப்புகளில் அமிலமற்ற தாள் வைத்துக் கிடத்தியே வைக்க வேண்டும். இதற்கு அகலமான தட்டுகள் கொண்ட அலமாரி ஒன்றும், ஒவ்வோர் உடைக்கும் துணி வகை, தையல் வகை, துவைக்கும் முறை ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேடும் தேவைப்படுகின்றன. இவ்விரண்டிற்கும் வரும் ஆண்டு நிதியில் இடமளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மாலை வேளைகளில் பொறுமையாக அமர்ந்து மணி கோத்துத் தந்த உறுப்பினர்கள் அனைவருக்கும் பிரிவின் சார்பில் மனமார்ந்த நன்றி.

செயலாளர்,
உடையலங்காரப் பிரிவு