வெட்டிய நேரத்தைக் குறியுங்கள்

கிழக்கிலிருந்து கட்டி இழையங்களைப் பெற்று மரபணு ஆய்வு நடத்தும் குழுக்களுக்கு,

வணக்கம். திருகோணமலையில் நோயியல் ஆய்வுகூடப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு ஒரு முறைப்பாடு கேட்டுக்கொண்டே இருக்கிறது. இங்கிருந்து வரும் இழையங்களில், மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. சிதைந்திருப்பதால் ஆய்விலிருந்து நீக்கிவிட்டீர்களாம்.

சிதைந்தது எப்போது? நான் கண்ட படிவங்களில் வயதுக்கும் பாலுக்கும் கட்டம் இருந்தது. கட்டியை வெட்டியெடுத்த நேரத்துக்கும், அது இழையத்தைப் பதப்படுத்தும் போமலினிலோ குளிரிலோ சேர்ந்த நேரத்துக்கும் இல்லை.

இரத்த ஓட்டம் நின்றதுமே கேடு தொடங்கிவிடுகிறது. கலங்களிலுள்ள நொதியங்கள் ஆர்.என்.ஏ.யைத் துண்டாடும். அதற்கு முன்பே ஒட்சிசன் குறைந்ததால் சில மரபணுக்களின் வெளிப்பாடு, அதாவது அவற்றிலிருந்து உருவாகும் ஆர்.என்.ஏ.யின் அளவு, ஏறும், சிலவற்றினது இறங்கும். இந்த வெளிப்பாட்டு மாற்றம்தான் எனக்குப் பெரும் கவலை. 1 முதல், சிதையாததற்கான 10 வரை நீங்கள் இடும் ஆர்.ஐ.என். மதிப்பெண் சிதைவைத்தான் அளக்கும். 8 கிடைத்த மாதிரியிலும் இந்த மாற்றம் ஒளிந்திருக்கலாம். கொழும்பில் உடனே உறைய வைத்த கட்டியையும், கச்சான் காற்று வீசும் நண்பகலில் இங்கு மேசையில் காத்திருந்த கட்டியையும் ஒப்பிட்டு, கிழக்கு நோயாளரின் புற்றுநோய் வேறு இயல்புடையது என்று எழுதிவிடாதீர்கள். நீங்கள் கண்டது காத்திருந்த நேரமாக இருக்கக்கூடும்.

போமலினிட்டு மெழுகில் பதித்த இழையத்தை ஆர்.ஐ.என். கொண்டு தள்ளுவதும் நியாயமில்லை. அதில் ஆர்.என்.ஏ. துண்டுபட்டுத்தான் இருக்கும். ஆர்.என்.ஏ.யின் கண்ணிகளான நியூக்கிளியோடைட்டுகள் 200க்கு மேல் நீளமான துண்டுகள் எத்தனை வீதம் என்று பாருங்கள். டிவி 200 எனப்படும் அந்த அளவு 30 வீதத்துக்குக் கீழே போனால் கைவிடலாம். அதற்கு மேலுள்ளவற்றில் பலவற்றுக்கு இன்னும் பயன் உண்டு. 260, 280 நனோமீற்றர் ஒளியை மாதிரி உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280) 2 என்று மட்டும் எழுதி அனுப்புவதில் பொருளில்லை. அது தூய்மையைச் சொல்லும், முழுமையைச் சொல்லாது. அழுகிய நடுப்பகுதியை விட்டு உயிருள்ள விளிம்பிலிருந்து இழையம் எடுக்கப்பட்டதா என்பதை நோயியல் நிபுணர் பார்க்கட்டும்.

திரவ நைதரசன் இல்லாத இடத்துக்கு ஆர்.என்.ஏ. காக்கும் கரைசலைக் கொடுத்தனுப்புங்கள். அரை சென்டிமீட்டருக்கு மிகாத தடிப்பில் நறுக்கி அதில் இட்டால், 37 பாகையிலும் ஒரு நாள் தாங்கும். கொழும்புப் பயணத்துக்கு அது போதும்.

சத்திரசிகிச்சைக்கூடத் தாதியரிடம் ஒரு கடிகாரமும் இரண்டு கட்டங்களும் கொடுங்கள். நேரம் குறிப்பதற்கு அவர்கள் மறுத்ததை நான் பார்த்ததில்லை; எவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். படிவம் திருந்தும்வரை எங்கள் நோயாளரிடம் ஒப்புதல் கையொப்பம் வாங்குவதை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வுகூடப் பணியாளர்,
திருகோணமலை