பத்தாய அறை

கும்பகோணம்
ஆவணி 28

அன்புள்ள கல்யாணிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அப்பாவுக்கு வந்திருப்பது பார்க்கின்சன் நோய்தான் என்று உறுதியான செய்தியைப் படித்ததிலிருந்து மனம் அவரையே சுற்றிக்கொண்டிருக்கிறது. நாம் கல்லூரியில் படித்த நாட்களில் உங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டு மாடிப்படிகளை இரண்டிரண்டாக ஏறியவர், இன்று அதே படிகளின் நடுவில் அடுத்த காலை எடுத்துவைக்க முடியாமல் நின்றுவிடுகிறார் என்று நீ எழுதியிருந்த வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அவரைக் கீழ்த்தளத்துக்கு மாற்றலாமா, மாற்றினால் வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாய். தை மாதம் அத்தை கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது முதல் எங்கள் வீட்டில் நடந்தவற்றை எழுதுகிறேன். நாங்கள் பிழை செய்து திருத்திக்கொண்ட இடங்கள்தான் உனக்கு அதிகம் பயன்படும்.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்துவந்தபோது அத்தையைக் கொல்லைத் தாழ்வாரத்தை ஒட்டிய அறையில் படுக்கவைத்தோம். குளியலறையும் கழிப்பறையும் அந்தப் பக்கம் இருந்ததால் அது எங்களுக்கு வசதியாக இருந்தது. எண்பத்து நான்கு வயது வரை வாசலையும் கூடத்தையும் அடுப்படியையும் ஒரே பார்வையில் வைத்து ஆண்டுவந்தவர் அங்கே எதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு வாரத்தில் சாப்பாடு பாதியாகக் குறைந்தது. இன்று என்ன கிழமை என்று காலையில் கேட்டதை மாலையிலும் கேட்டார். மறதி வந்துவிட்டதோ என்று நான் பயந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் அவரே, "என்னை வாசல் தெரிகிற இடத்தில் போடம்மா" என்றார். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசலில் நின்றால் கொல்லை வரை கதவுகள் ஒரே நேராகத் தெரியும் என்பது உனக்கு நினைவிருக்கும். கட்டிலைக் கூடத்தில் போட்ட மறுநாளே கீரைக்காரியிடம் விலை பேசத் தொடங்கிவிட்டார்.

கூடத்திலிருந்து கொல்லைக் கழிப்பறை நாற்பது அடி. நடுவில் இரண்டு நிலைப்படிகள், ஒரு முற்றம். ஆகவே கூடத்தை ஒட்டி, நெல் கொட்டிவைக்கும் மரப் பத்தாயம் இருந்த அறையைக் குளியலறையாக மாற்றுவதென்று முடிவு செய்தோம். நெல்லை நேரே கொள்முதல் நிலையத்துக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு பத்தாயம் வெறுமனேதான் கிடந்தது. ஆயினும் அத்தை புதுப்பெண்ணாக வந்தபோது பார்த்த பத்தாயம் என்பதால் அவர் சம்மதம் கேட்டுத்தான் பிரித்தோம். பலகைகளை விற்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவற்றை ஆசாரி நிலைப்படிகளுக்கு இருபுறமும் சாய்வுப் பலகைகளாக இழைத்துக் கொடுத்தார். மஞ்சள் குங்குமம் இட்டு வந்த நிலைப்படியை அறுக்காமலே சக்கர நாற்காலி ஏறி இறங்குகிறது.

குளியலறை வேலையில் நான் விடாப்பிடியாக நின்றது தரைமட்டத்துக்காகத்தான். கழிவுக் குழாய்க்கு வாட்டம் வேண்டுமென்று கொத்தனார் தரையை அரை அடி உயர்த்தப் பார்த்தார். உயர்த்தியிருந்தால் கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவே புதிதாக ஒரு படி முளைத்திருக்கும். பழைய தரையைத் தோண்டிக் குழாயைக் கீழே இறக்கியதால் நான்கு நாள் வேலை கூடியது. ஆனால் இப்போது நாற்காலி தங்குதடையின்றி உள்ளே போகிறது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைக்கச் சொன்னேன். உள்ளே விழுந்தவர் கதவின் மேலேயே சாய்ந்து கிடந்தால் உட்பக்கம் திறக்கும் கதவை எப்படித் தள்ளுவது? தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியது. கதவின் வழி தொண்ணூறு சென்டிமீட்டர், உட்காரும் கோப்பையின் உயரம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். அதற்குக் கீழே போனால் அத்தையால் எழுந்திருக்க முடியவில்லை.

பிடிகம்பியில்தான் பெரிய பிழை நடந்தது. வேலைக்கு வந்தவர் துண்டு போடும் கம்பியைப் போலவே இரண்டங்குல திருகாணிகளால் அதைச் சுவரில் பொருத்திவிட்டுப் போனார். எங்களுடையது சுண்ணாம்புக் காரைச் சுவர். அத்தை பிடிப்பதற்கு முன் என் வீட்டுக்காரர் தம் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தார். கம்பி காரையோடு கையில் வந்துவிட்டது. அந்தக் கம்பியை நம்பி அத்தை எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. பிறகு சுவரை முழுதும் துளைத்து மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து முறுக்கினோம். உங்கள் வீட்டுச் சுவரும் பழையதுதானே, கொஞ்சம் தட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கு.

வாசலில் சரிவுப் பாதை அமைக்க முடியவில்லை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. எங்கள் வாசற்படிகள் ஒன்றரை அடி, பதினெட்டு அடிக்குத் தெருவில் இடம் ஏது? கொல்லைப்புறம் தாராளமாக இருந்ததால் அங்கே ஒரு திருப்பம் வைத்துக் கட்டினோம். மருத்துவமனைக்குப் போக அந்த வழிதான் சௌகரியம். ஆனால் கோயிலுக்குப் போகும் நாளில், "கொல்லை வழியாகவா என்னை அழைத்துப் போகிறீர்கள்?" என்று அத்தை கேட்டார். அந்தக் கேள்வியின் கனம் உனக்குச் சொல்லாமலே புரியும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் இவரும் எதிர்வீட்டுப் பையனும் நாற்காலியோடு தூக்கி வாசல் வழியாகத்தான் இறக்குகிறார்கள்.

சின்ன விஷயங்கள் நிறைய. கட்டிலின் கால்களை அறுத்து, உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படியும்படி செய்தோம். நம் தாத்தா காலத்துச் சிவப்புச் சிமெண்டுத் தரையின் பளபளப்பு ஈரத்தில் எமன். துடைத்த தரை காயும் வரை அத்தை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்பது இப்போது வீட்டுச் சட்டம். அதிகம் படுத்திருந்த முதல் வாரங்களில் படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிட்டோம். கம்பியில்லாத அழைப்பு மணி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். மணியடித்து மருமகளைக் கூப்பிடுவது அழகல்ல என்று அதைத் தொடவே மறுத்துவிட்டார். நான் கூடத்திலேயே படுத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு வருகிறேன். கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடு, தள்ளிப்போடாதே. ஆனால் மாடியில் அவர் நாளெல்லாம் எந்த ஜன்னலருகே உட்கார்ந்திருப்பார், அங்கிருந்து எது தெரியும் என்று முதலில் கவனித்துக்கொண்டு, அதற்கு ஈடான இடத்தைக் கீழே தேடு. பளபளக்கும் டைல்ஸ் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம், சொரசொரப்பானதைப் போடு. கால் தரையோடு ஒட்டிக்கொண்டதைப் போல் நின்றுவிடுவது இந்த நோயில் வாசற்படியிலும் குறுகலான இடத்திலும் திரும்பும்போதும்தான் அதிகம். அப்படிப்பட்ட இடங்களில் தரையின் நிறத்துக்கு மாறான பட்டைகளை நடைக்குக் குறுக்காக, ஓர் எட்டு எடுத்துவைக்கும் இடைவெளியில் ஒட்டிவைத்தால், அதைத் தாண்டுவதாக நினைத்துக் காலை எடுத்து வைக்கப் பலருக்கு முடிகிறது என்று அத்தைக்கு நடைப்பயிற்சி தர வரும் பெண் சொன்னார். 2021இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கு வருவதோடு இந்த இயன்முறைப் பயிற்சியும் கிடைக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிடு. அவருடைய மாத்திரை வேளை அரை மணி தவறினாலும் நடை மாறலாம். கடிகாரத்தை அவர் கண்ணெதிரே மாட்டு.

கொத்தனாரை அழைப்பதற்கு முன் அப்பாவைச் சாதாரண நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து எனக்கு எழுது. கீழ்க்குளியலறையின் நீள அகலத்தையும் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பு. புரட்டாசி பிறந்ததும் இவர் திருச்சிக்கு ஒரு வேலையாக வருகிறார்; உங்கள் வீட்டுக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்வார். பத்தாயப் பலகையில் இரண்டு மிச்சம் இருக்கிறது. உங்கள் கீழ் அறை நிலைப்படிக்கு ஆகுமானால் கொடுத்தனுப்பச் சொல்லி அத்தையே சொன்னார்.

அன்புடன்,
மங்கை