மலாயாப் பாட்டிகளின் கேசட்டுகள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியிலிருந்த மலாயாவில், ரப்பர் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்து, பின்னாளில் கப்பலேறிச் சென்னைக்கு வந்த பெண்களின் பேச்சு கேசட்டிலிருந்து கணினிக்கு ஏறிவிட்டது. கை கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குழுவின் நன்றி.

முதல் வணக்கம் ரிச்சி தெரு மெக்கானிக் அண்ணனுக்கு. வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் கேசட்டை ஓட்டவே கூடாது, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் போய்விடும் என்று ஆரம்பத்திலேயே தடுத்தவர் அவர். நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தால் நாடா ஹெட்டில் படியாது, குரல் அமுங்கிவிடும். அப்படிப்பட்ட நாடாக்களைத் திருகாணி போட்ட புதுக் கூட்டுக்கு மாற்றினார். கணினியில் ஏற்றியது எல்லாம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், மோனோ (ஒரே ஒலித்தடம்). ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி. எம்பி3 போதாதா என்று கேட்டவர்களுக்கு அவரே கொஞ்சம் காரமாகப் பதில் சொன்னார்.

கேட்டு எழுதிய ஓய்வுபெற்ற ஆசிரியைகளுக்கும் நன்றி. பாட்டிகள் தேதி சொல்லிப் பேசுவதில்லை. சயாம் ரயிலுக்கு, அதாவது ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட பாதைக்கு, ஆள் பிடித்தது என்றால் 1942-43. மகள் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தது 1943க்கு முன்பு இருக்க முடியாது. ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டு செல்லாமல் போனது 1945. ‘எமர்ஜென்சி’ நம்மூர் 1975 அல்ல, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் வந்த 1948. இவற்றையெல்லாம் ஓரத்தில் குறித்தது அவர்கள்தான்.

பெரிய சிக்கல் பெயர்களில் இருந்தது. புருஷன் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத வீட்டுப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி வளர்த்திருப்பாள். இருந்த மரவள்ளிக்கிழங்கை இரண்டு வீடும் பங்கிட்டிருக்கும். சிப்பாய்களால் நேர்ந்ததைச் சொன்னவர் தன் பெயரை மறைக்கக் கேட்டிருப்பார். அவருடைய கேசட்டில் மறைத்தால், பக்கத்து வீட்டுக்காரியின் கேசட்டில் அதே பெயர் முழுசாக வந்து நிற்கும். பெயரே இல்லாவிட்டாலும், கங்காணி (வேலை மேற்பார்வையாளர்) யார், எந்த லயம் என்று இரண்டும் சேர்ந்தால் சொந்தக்காரர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, எந்தக் கேசட்டில் எத்தனையாவது நிமிடத்தில் அவர் பேச்சு வருகிறது என்று ஒரே பதிவேட்டில் ஏற்றி, எல்லா இடத்திலும் ஒருசேர வெட்டிய கல்லூரி மாணவிகளுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஒப்புதல் கையெழுத்திட்டுத் தந்த குடும்பங்களுக்கு நன்றி. தர மறுத்த குடும்பங்களுக்கும்தான். பக்கத்து வீட்டுக் கேசட்டில் பெயர் வருமே என்று முதலில் கேட்டது அவர்களே. வெட்டாத மூலப் பதிவு பூட்டியே இருக்கும். ஆய்வுக்கு என்றாலும் கேட்டு வர வேண்டாம்.