லெந்து நாட்களில் மகளுக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

போன மாதம் பேசும்போது, ஈஸ்டர் என்பதே ஏதோ பழைய தேவதையின் பெயர்தானாம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தாய். அப்புறம் நீ கூப்பிடவே இல்லை. வேலை அதிகமாக இருக்கும், சரி. நேரத்துக்குச் சாப்பிடு.

நீ சொன்னது பொய்யில்லை. 725-இல் அதை எழுதி வைத்தவர் பீட் என்ற துறவி. இங்கிலாந்தில் நீ இருக்கும் டர்ஹாம் ஊரின் பேராலயத்தில்தான் அவர் கல்லறை இருக்கிறது, போய்ப் பார்த்தாயா? அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்கு ஏயோஸ்ட்ரே என்ற தேவதையின் பெயரை வைத்திருந்தார்களாம். பண்டிகை அந்த மாதத்தில் வந்ததால் பெயரும் ஒட்டிக்கொண்டது என்கிறார். இதைத் தெரிந்து எழுதியவர் விசுவாசத்தை விட்டுவிடவில்லையே அம்மா. 735-இல் சாகும் தறுவாயிலும் யோவான் சுவிசேஷத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொண்டார்களாம்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்தை லெந்து என்று நாம் சபையில் சொல்வதும் அந்த ஆங்கிலேயருடைய பழைய சொல்தான். வசந்தகாலம் என்று பொருள். பகல் நீளுகிற காலம் என்பதால் வந்த பெயர். அங்கே இப்போது வெளிச்சம் கூடியிருக்குமே, சாயங்காலம் கொஞ்சம் வெளியே நடக்கிறாயா? லெந்து என்று சொல்லி உபவாசம் எல்லாம் இருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

எனக்கு மிகவும் பிடித்தது, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனின் பெயர். அங்கே மாண்டி வியாழன் என்பார்கள். லத்தீனில் மாண்டாட்டம் என்றால் கட்டளை, அதுதான் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து மாண்டி ஆனது. ‘ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்’ என்று ஆண்டவர் சிலுவைக்கு முந்தின அன்றிரவு கொடுத்த கட்டளை. அந்த ஆராதனைக்குப் போனால் கடைசி பெஞ்சில் தனியாக உட்காராதே. பக்கத்தில் இருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசு. கிறிஸ்துமஸ் அன்று யாரோடு சாப்பிட்டாய் என்று அம்மா கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

என் மகள் டர்ஹாமில் படிக்கிறாள் என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்கிறேன். எப்படி இருக்கிறாள் என்று திருப்பிக் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சங்கீதம் 121-ஐ ஒரு வார்த்தை தவறாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவள் நீ, மூன்று வரி எழுதிப் போட முடியாதா?

ஈஸ்டர் அதிகாலை ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பும்போது உனக்கு நடுராத்திரியாக இருக்கும். நீ எழுந்ததும் கூப்பிடு. பேச மனமில்லை என்றாலும் பரவாயில்லை, வீடியோவில் முகத்தைக் காட்டு. அம்மா பார்க்கட்டும்.

அப்பா