எங்கள் காய்கறி விவசாயிகள் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தா பாக்கி வழக்கம்போல இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் ட்ரோன் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி அனுப்பும் நம்மில் பலர், மருந்தடிக்க ஆள் கிடைக்காமல்தான் வாடகை ட்ரோனுக்குப் போனோம். வேலை சீக்கிரம் முடிந்தது. வெள்ளை ஈ குறையவில்லை. போலி மருந்து என்று சிலர் கடையில் சண்டைக்கே போய்விட்டார்கள். குற்றம் மருந்தில் இல்லை. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலந்து அடித்தவர்கள் நாம். ட்ரோன்காரர் 10 லிட்டரில் முடித்தார். குச்சி கட்டி அடர்ந்து நிற்கும் செடியில் அது மேல் இலையோடு நின்றுவிடுகிறது. வெள்ளை ஈ இருப்பதோ இலைக்கு அடியில்.

இதைக் கண்ணால் பார்க்க, ஈரம் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் தாளை வாங்கி, மேல், நடு, அடி இலைகளில் இருபுறமும் குத்திவைத்தோம். மார்கழி விடியற்காலை. எல்லாத் தாளும் நீலம்! கைதட்டாத குறை. அப்புறம்தான் தெரிந்தது, ட்ரோன் கிளம்பும் முன்பே பனி நனைத்துவிட்டது என்று.

பனி காய்ந்தபின் செய்து பார்த்தால் அடி இலைத் தாள் மஞ்சளாகவே இருந்தது. சரி என்று, வேகத்தை நொடிக்கு 5 மீட்டரிலிருந்து 3 ஆக்கினோம். உயரத்தைச் செடிக்கு மேல் 2 மீட்டராக இறக்கினோம். தண்ணீரை 20 லிட்டராக்கினோம். மருந்தின் அளவைக் கூட்டவில்லை. மெதுவாகப் போனால் இறக்கைக் காற்று இலைகளை விலக்கி மருந்தை உள்ளே இறக்குகிறது. நடு இலையில் நீலப்புள்ளி நன்றாகவே விழுந்தது. இலையின் அடிப்புறம் சுமார்தான். இன்னும் தாழப் பறந்தால் செடி சாய்கிறது.

துளியைப் பொடியாக்கினால் உள்ளே நுழையும்தான். காற்றடித்தால் பக்கத்துத் தோட்டத்துக்கும் போகும். ஐப்பசியில் அப்படித்தான் ஒரு மல்பெரித் தோட்டத்தில் படிந்து, அந்த இலையைத் தின்ற பட்டுப்புழுக்கள் செத்தன. நஷ்டஈட்டில் ஒரு பகுதியைச் சங்க நிதியிலிருந்து கொடுத்தோம். அதில் சிலருக்கு வருத்தம் உண்டு, எனக்கு இல்லை.

புடலை, பீர்க்கன் பந்தலுக்கு ட்ரோனே வேண்டாம் என்பேன். மேலிருந்து அடித்தால் கூரை நனையும், காய் தொங்கும் இடம் நனையாது. அதற்குக் கீழிருந்து விசைத்தெளிப்பான்தான்.

இனி ட்ரோன் வாடகையை, தாளைப் பார்த்த பிறகே கொடுப்பது என்ற செயற்குழுத் தீர்மானத்துக்கு உங்கள் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்