ஆவணி முதல் கேரியரில் உப்பு குறைகிறது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வரும் ஆவணி முதல் தேதியிலிருந்து நம் மதியச் சாப்பாட்டுக் கேரியரில் உப்பைக் குறைக்கிறோம். ஒரே நாளில் அல்ல. மூன்று படியாக, படிக்கு ஒரு மாதம் போல இடைவெளி விட்டு. சொல்லாமலே செய்திருக்கலாம், முதல் படி பலருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் கேரியர் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் எழுபதைத் தாண்டியவர்கள். தட்டுக்குப் பக்கத்திலேயே மாத்திரை டப்பா இருக்கும். அவர்கள் சாப்பாட்டில் எதை மாற்றினாலும் சொல்லிவிட்டு மாற்றுவதுதான் முறை. வெளியூரிலிருந்து பணம் கட்டும் பிள்ளைகளும் இதைப் படித்துவிட்டு வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

எடை போட்டுப் பார்த்ததில் ஆரம்பித்ததுதான் இதெல்லாம். எங்கள் சமையல் மாமாவுக்கு எதுவும் கைக்கணக்கு. அண்டா கொதிக்கும்போது உப்பு ஜாடிக்குள் கை போகும், வரும், அவ்வளவுதான். அந்தக் கை அள்ளுவதை ஒவ்வொரு தடவையும் தராசுத் தட்டில் கொட்டி எழுதி வைத்தோம். மாமாவுக்கு முதலில் கொஞ்சம் கோபம். கை பிசகவே இல்லை என்று தெரிந்ததும் சிரித்துவிட்டார். சாம்பார் லிட்டருக்கு 10 கிராம், ரசமும் அப்படியே. ஒருவர் பங்குக்குக் கணக்குப் போட்டால் சாம்பாரில் ஒன்றரை கிராம், ரசத்தில் ஒன்றரை, கூட்டில் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு, மிச்சம் பொரியலிலும் மோரிலும். சாதத்தில் நாங்கள் உப்புப் போடுவதில்லை. ஆக, ஒரு கேரியரில் ஏறக்குறைய 5 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாள் முழுவதற்கும் சேர்த்து 5 கிராமுக்குக் கீழே. தலை தட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு, அவ்வளவுதான். காலை இட்லி மாவில் இருப்பதும், சட்னியில் இருப்பதும், சாயங்காலம் கொறிக்கும் முறுக்கில் இருப்பதும் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நாங்கள் மத்தியானத்திலேயே அத்தனையையும் தீர்த்துக்கொண்டிருந்தோம்.

உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ரத்தத்தின் அளவு கூடுகிறது, குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. உப்பில் இருக்கும் சோடியத்தில் அதிகப்படியானதை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. வயதாக ஆக அதன் வேகம் குறைகிறது. நாக்கிலும் ருசி மங்குவதால் வயதானவர்கள் இன்னும் கொஞ்சம் உப்புக் கேட்கிறார்கள். எங்களுக்குச் சங்கடமான இடம் இதுதான். உப்புப் போதவில்லை என்று அதிகமாகப் போன் வருவதே பிரஷர் இருக்கிற வீடுகளிலிருந்துதான்.

ஏன் படிப்படியாக என்றால், நாக்கு பழகிவிடும், ஆனால் அதற்குச் சில வாரம் வேண்டும். பிரிட்டனில் 2001-க்கும் 2011-க்கும் நடுவில் பாக்கெட் ரொட்டியில் உப்பை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததால் ஜனங்கள் வழக்கம்போல வாங்கிச் சாப்பிட்டார்கள். நாங்களும் சாம்பாரை 10-லிருந்து 9, பிறகு 8, கடைசியில் 7 கிராம் என்று இறக்குகிறோம். மற்றவையும் அதே விகிதத்தில், மோரில் மட்டும் உப்பே கிடையாது. மூன்றாம் படியில் கேரியர் மொத்தமும் மூன்றரை கிராமுக்குள் நிற்கும். அதுவே நாள் கணக்கில் பெரும் பங்குதான், மறுக்கவில்லை. அதற்கும் கீழே போனால் ருசியைக் காப்பாற்ற எங்கள் கையால் ஆகாது. காலையும் ராத்திரியும் உங்கள் கையில்.

உப்பை மட்டும் குறைத்துவிட்டு மற்றதெல்லாம் பழையபடி வைத்தால் சமையல் கெட்டுப்போகும். உப்பு குறைந்த வத்தக்குழம்பில் புளி தூக்கும், காரமும் தனியாக நிற்கும். அதனால் புளியையும் சேர்த்துக் குறைக்கிறோம். மணத்தக்காளி வற்றலும் சுண்டைக்காய் வற்றலும் உப்பு மோரில் ஊறிக் காய்ந்தவை. அவற்றை வறுத்துப் போடுகிற நாளில் குழம்புக்குத் தனி உப்பு இன்னும் கம்மி. கீரை வெந்தால் கைப்பிடி அளவு ஆகிவிடும். பச்சையாக இருக்கும்போது குவியலைப் பார்த்து உப்புப் போட்டால் கடைசியில் கரிக்கும். இனி மசித்த பிறகுதான் உப்பு. பொரியலுக்கும் இறக்குகிற நேரத்தில்தான். உப்பு காயின் மேலாக நிற்பதால் குறைவாகப் போட்டாலும் நாக்குக்கு எட்டும். ரசத்தில் மிளகும் சீரகமும் அன்றன்றைக்குப் பொடித்துச் சேரும், இறக்கியபின் எலுமிச்சை. வாரத்தில் இரண்டு நாள் சாம்பாருக்குத் தனியாவும் தேங்காயும் வறுத்து அரைத்துவிடப் போகிறோம். செலவு கொஞ்சம் கூடும், விலை கூடாது.

உப்பில்லாமல் என்ன ருசி என்று கேட்பவர்களுக்கு ஒன்று. திருநாகேஸ்வரம் உப்பிலியப்பன் கோயிலில் பிரசாதம் முழுக்க உப்பில்லாமல்தான். வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர்! நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

இந்துப்புக்கு மாறிவிடுங்கள் என்று சிலர் அன்போடு சொல்கிறார்கள். மாற மாட்டோம். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், கிராமுக்குக் கிராம் பெரிய வித்தியாசம் கிடையாது. கல்லுப்பு ஒரு ஸ்பூனில் எடை குறைவாக இருக்கும், கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால். தராசில் வைத்தால் அந்தச் சலுகையும் போய்விடும். நாங்கள் போடுவது அயோடின் கலந்த உப்பு, அதுவே தொடரும்.

குறைந்த சோடியம் உப்பு விஷயம் வேறு. அது நல்ல பொருள்தான். சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. நம் ஊரிலும் 2014-ல் வந்த அம்மா உப்பில் ஒரு வகை குறைந்த சோடியம். அப்படியிருந்தும் பொது அண்டாவில் அதை நாங்கள் போட முடியாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற பிரஷர் மாத்திரைகளும், ஸ்பைரோனோலாக்டோன் என்கிற நீர் மாத்திரையும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக் கூடியவை. எந்தக் கேரியர் யார் வீட்டுக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும், அவர்கள் மருந்துச் சீட்டு தெரியாது. வீட்டில் அந்த உப்பை வாங்குவதாக இருந்தாலும் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. "சோடியம் இறங்கிடுத்து, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்" என்று சொல்லிக் கேரியரை நிறுத்துகிற போன் எங்களுக்குப் புதிதில்லை. நீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இப்படி இறங்குவதுண்டு. தள்ளாட்டம், குழப்பம், மயக்கம் என்று கொண்டுபோய் விடும். அப்படி ஒரு தடவை ஆனவர்களும், உப்பைக் குறைக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னவர்களும் கட்டாயம் எங்களுக்குத் தெரிவியுங்கள். அவர்கள் பங்கைத் தனியாக எடுத்து, பழைய அளவுக்கு உப்பை எடை போட்டுச் சேர்த்து, கேரியர் கைப்பிடியில் மஞ்சள் நூல் கட்டி அனுப்புவோம். நூல் இல்லாமல் வந்தால் கொண்டுவரும் பையனிடமே சொல்லுங்கள்.

ஊறுகாயில் உப்பைக் குறைக்கவில்லை. ஆவக்காயும் மாவடுவும் கெடாமல் நிற்பதே உப்பால்தான். குறைத்தால் பூஞ்சை வந்துவிடும். அதற்குப் பதில், தினமும் தானாக வைக்கிற வழக்கத்தை நிறுத்துகிறோம். கேட்டால் வரும், சின்ன ஸ்பூன் அளவு. மோர் மிளகாயும் அப்படித்தான். மோரில் இனி உப்பே போட மாட்டோம். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் மட்டும்.

அப்பளம் வாரம் மூன்று நாள். அப்பளத்தில் உப்போடு அப்பளக் காரமும் இருக்கிறது, அதிலும் சோடியம்தான். கடையில் வாங்குகிற அப்பளமோ பொடியோ எதுவானாலும் பாக்கெட் பின்னால் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வந்துவிடும். 100 கிராமுக்கு 1,600 மில்லிகிராம் என்றிருந்தால் 4 கிராம் உப்பு. சப்பென்று இருக்கும் பிஸ்கெட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். தூக்கைத் திறந்ததும் ருசி பார்ப்பதற்கு முன்பே உப்பு டப்பாவை எடுக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. முதலில் ஒரு வாய் சாப்பிடுங்கள். அப்புறமும் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

மஞ்சள் நூல் வேண்டியவர்கள் ஆடி முடிவதற்குள் பெயரும் வீட்டு எண்ணும் சொல்லிவிடுங்கள். அன்றாடம் ஊறுகாயோ மோர் மிளகாயோ வேண்டுபவர்கள் காலை 8 மணிக்குள் சொன்னால் போதும். ஏகாதசி, அமாவாசைச் சமையலில் மாற்றம் எதுவும் இல்லை, உப்பைத் தவிர.

அன்புடன்,
கேரியர் சமையலறையிலிருந்து